தண்ணீர் பட்டால் மண்ணாகும் கல்

கதிர்,

நேற்று குழம்பை ஊற்றிக்கொண்டே, "திங்கக்கிழமை திரும்ப சைட்டுக்குப் போறேன்மா" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். அப்பா உன் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். அதோடு பேச்சு முடிந்தது. நீ கை கழுவிவிட்டு கட்டிக்கொள்ளப்போகிற தாரிணியிடம் ஃபோனில் பேசுவதற்கு அறைக்குள் போய்விட்டாய். நான் அடுப்படியில் நின்று கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அந்த "சரிப்பா" பொய். எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லா அம்மாக்களுக்கும் வருகிற பயம்தான் என்று நினைத்துவிடாதே. சாலையைப் பார்த்துக் கடந்து போ, சாப்பிட்டாயா, மழையில் நனையாதே என்று சொல்ல வைக்கிற பயம் எனக்கும் உண்டு. அதோடு வாழப் பழகிக்கொண்டேன். இது வேறு. குவீன்ஸ்டவுனில் நம் வீட்டு ஜன்னலில் மழை அடித்தால் எனக்குக் கை ஓடுவதில்லை. இதை வாயால் சொல்ல முயன்றால் குரல் உடைந்துவிடும். நீ "அம்மா, ரிலேக்ஸ்லா" என்று தோளைத் தட்டிவிட்டு லிஃப்டுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் என்று மூடி ஒட்டித் தரப்போவதில்லை. பிள்ளையையோ கணவனையோ நிலத்துக்கு அடியில் வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கிற யாரும் படிக்கட்டும். அன்றைக்கு நீ மேற்பார்க்கிற கட்டட சைட்டில், தோண்டிய பள்ளத்துக்குள் நடந்தது உனக்குத் தெரியும். அதே நேரத்தில் வேலிக்கு வெளியே எனக்கு என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அன்றைக்கு நான் வந்து நின்றதில் உனக்குக் கோபம், கொஞ்சம் வெட்கமும்கூட. அது நியாயம்தான்.

முதலில் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. ஆனால் எனக்கும் அதற்கும் என்ன உறவு என்று நீ ஒருபோதும் யோசித்திருக்க மாட்டாய். நான் திருச்சியில் நிலவியல் படித்தேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, கட்டடம் கட்டும் முன் நிலத்தைத் துளையிட்டுப் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். தீவின் கிழக்கிலும் மேற்கிலும் பூமிக்கு அடியிலிருந்து எடுத்த கற்கள் உருளை உருளையாகப் பெட்டியில் அடுக்கப்பட்டு என் கொட்டகைக்கு வரும். அவற்றைத் தொட்டு, கீறி, தட்டி, இது இன்ன கல், இத்தனை பலம் என்று எழுதுவது என் வேலை. புக்கிட் தீமா பக்கத்துக் கருங்கல் வந்தால் நிம்மதியாக இருக்கும். அது பொய் சொல்லாது. மேற்கிலிருந்து களிப்பாறை வந்தால் மட்டும் எனக்கு உள்ளூரச் சங்கடம். எப்போதோ அசையாத தண்ணீரின் அடியில், மாவைவிட மெல்லிய களிமண் மெதுவாகப் படிந்து, அதன்மேல் இன்னும் படிந்து, சுமை அழுத்தித் தண்ணீரெல்லாம் பிழிந்து போய்க் கல்லானது அது. தோண்டி எடுத்த அன்று கல் போலவேதான் இருக்கும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று சத்தம்கூட வரும். ஆனால் ஒரு முறை காய்ந்து ஒரு முறை நனைந்துவிட்டால் அது முன்பு தான் என்னவாக இருந்தது என்பதை நினைத்துக்கொள்கிறது. விரிசல் விடுகிறது, செதில் செதிலாக உரிகிறது, பிறகு விரல் நுனியில் குழையும் சேறாகிறது. வெள்ளிக்கிழமை நான் "பலமான கல்" என்று எழுதிவைத்த பெட்டியை மழைச்சாரல் நனைத்து, விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது பெட்டிக்குள் கல்லே இல்லாமல் கூழ் மட்டும் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உனக்கும் சின்ன வயதில் அது அறிமுகமாகியிருக்கிறது. மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு வெட்டிய மேட்டிலிருந்து ஊதாவும் சிவப்புமாக ஒரு கல்லை எடுத்து, பேருந்து முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். வீட்டில் அதைக் கழுவிச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாய். மத்தியானம் எழுந்து வாளிக்குள் கையை விட்டுத் தேடினாய். அடியில் சிவப்புச் சேறுதான் இருந்தது. நீ அழவில்லை. வாளியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "யாரு எடுத்தா?" என்று என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாய். யாரும் எடுக்கவில்லை என்று சொன்னதை நீ நம்பவேயில்லை. அப்பா வயிறு வலிக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கல் ஒருநாள் உன் தலைக்கு மேல் மதிலாக நிற்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

இனி அந்தக் காலையைச் சொல்கிறேன். நீண்ட வார இறுதி முழுக்க மழை கொட்டி, அன்றுதான் கொஞ்சம் வெளுத்திருந்தது. நானும் அப்பாவும் தேக்கா மார்க்கெட்டில் இருந்தோம். உன் கல்யாணத்துக்கு முன் தாரிணி வீட்டார் சாப்பிட வருகிறார்கள் என்று அப்பா கொடுவா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என் ஃபோன் அதிர்ந்தது. நீ ஒரு படம் அனுப்பியிருந்தாய். கீழே, "மா, உங்க ஃபிரெண்டு இங்க இருக்கு" என்று ஒரு வரி. அந்தக் கிடங்குக் கட்டடத்துக்காக நீங்கள் தோண்டிய பள்ளத்தின் ஒரு பக்கச் சுவர். வழக்கமாகப் பாறையை வெட்டியதும் அதன்மேல் சிமென்ட் கலவையைப் பீய்ச்சி மூடிவிடுவார்கள் அல்லவா. அந்த இயந்திரம் பழுதாகி, ஒரு பகுதி மட்டும் மூடாமல் விடுமுறை முழுக்க மழையில் நின்றது என்று பிறகு சொன்னாய். படத்தில் எனக்குத் தெரிந்தது அந்த மூடாத பகுதிதான். அடுக்கிய அப்பளங்களைச் சாய்த்துப் பிடித்தது போலப் பாறையின் அடுக்குகள் எல்லாம் பள்ளத்தை நோக்கிச் சரிந்திருந்தன. மேலே உள்ள பரப்பு மீன் செதில் போல உரியத் தொடங்கியிருந்தது. அவற்றுக்கு நடுவில் ஒரே ஓர் அடுக்கின் ஓரம் எண்ணெய் தடவினது மாதிரி மினுங்கியது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மினுமினுப்பு எனக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் ஒருமுறை வழுக்கிய இடம் அது. தண்ணீர் கிடைத்தால் மறுபடி வழுக்கும். அந்தச் சுவருக்குக் கீழே, ஓரமாக, ஒருவர் மஞ்சள் தொப்பியோடு குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

நான் உன்னை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தேன். பள்ளத்துக்குள் இறங்கும்போது நீ ஃபோனை மேலே பையில் வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழைத்துக்கொண்டே இருந்தேன். மீன்காரர், "என்னாக்கா, வெட்டவா?" என்று கேட்டது காதில் விழுந்தும் மறுபடி உன் எண்ணையே அழுத்தினேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"இந்தா, என்னா ஆச்சு?"

"என்னங்க, பிள்ளை நிக்கிற இடம் சரியில்லை."

"யாரு சொன்னா?"

"கல்லு சொல்லுது. வாங்க, போலாம்."

அப்பா கேள்வி கேட்கிறவர் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மீனை அங்கேயே விட்டுவிட்டு சிராங்கூன் ரோட்டுக்கு ஓடி வந்து டாக்சியை மறித்தார். டாக்சியில் ஏறியதும் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கண்ணாடியைத் துடைக்கிற துடைப்பானைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் அந்த மினுங்கும் கோடு தெரிந்தது, திறந்தால் மழை. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவன் விவரமானவன்தான். அவனுக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். இறங்கும்போதுதான் கவனித்தேன், அவருடைய உதடு வெளுத்துப் போயிருந்தது.

வாசலில் இருந்த காவலர் நம் ஆள், வயதானவர். தமிழில் பேசியதும் இறங்கி வந்தார். ஆனால் உள்ளே விடவில்லை. "மா, விட முடியாதுலா. பாஸ் அட்டை இல்லாம யாரையும் விட்டா என் வேலை போயிரும். மகன் பேரு சொல்லுங்க, ரேடியோவுல கூப்பிடுறேன்" என்றார். உன் பெயரைச் சொன்னேன். அவர் கூப்பிட்டார். கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. நான், "உள்ள இருக்கிறவங்க எல்லாரையும் மேல வரச் சொல்லுங்க. அந்தச் சுவரு சரிஞ்சு வரப்போகுது" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புடவை நனைந்து, காலில் மார்க்கெட்டுச் சேற்றோடு, மூச்சிரைக்க நிற்கிற ஒரு பொம்பளை. அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் மரியாதையாகத்தான் சொன்னார். "மா, அவங்களே மேல வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க. கதிர் சார் கொஞ்சம் முன்னாடியே வேலைய நிறுத்தச் சொல்லிட்டாரு. அங்க பாருங்க."

வேலிக்கு அந்தப் பக்கம், பள்ளத்திலிருந்து ஏறி வர வைத்த படிக்கட்டுக் கோபுரத்தின் உச்சியிலிருந்து மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூடாரத்துக்கு அடியில் கூடி நின்று சிகரெட்டைத் தேடினார்கள், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா, "சொன்னேன்ல" என்றார். நீ எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாய், அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்து ஆட்களை ஏற்றிவிட்டாய். நான் ஓடி வந்தது எல்லாம் வீண். இத்தனை சந்தோஷமாக நான் ஒருநாளும் வீணாய்ப் போனதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தொப்பிகளுக்கு நடுவில் உன்னுடைய வெள்ளைத் தொப்பியைத் தேடினேன். அது அங்கே இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நான் எதிர்பார்த்த மாதிரி வெடிச்சத்தம் இல்லை. லாரியின் பின்கதவைத் திறந்து ஜல்லியைக் கொட்டினால் வருமே, அந்தச் சத்தம். ஆனால் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. காலுக்கு அடியில் நிலம் லேசாக நடுங்கியது. பிறகு மண் வாசனை வந்தது. மழை பெய்த மண்ணின் வாசனை இல்லை அது. மூடியே கிடந்த பழைய களிமண்ணின் வாசனை. என் கொட்டகையில் கல்லை உடைக்கும்போதெல்லாம் முகர்ந்தது. கூடாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் பள்ளத்தின் பக்கம் ஓடினார்கள், யாரோ கத்தினார், ஓடியவர்கள் நின்றார்கள். வேலிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பையனை நான் கூப்பிட்டேன். "தம்பி, கதிர் சார் எங்கப்பா?" அவன் நான் யாரென்று தெரியாமலே சொன்னான். "வீரமணி அண்ணன் தண்ணி எறைக்கிற பம்ப எடுக்கத் திரும்பப் போயிட்டாருங்க. சார் அவரக் கூப்பிடப் போனாரு. இப்பதாங்க எறங்குனாரு."

அதற்குப் பிறகு நான் நின்ற நேரத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம்தான் என்கிறார் அப்பா. கடவுளைக் கூப்பிட்டேனா என்று அவரே பிறகு கேட்டார். இல்லை. எனக்கு எந்தச் சாமியின் பெயரும் நினைவுக்கு வரவில்லை. என் மனம் கணக்குப் போட்டது, கதிர். படித்த படிப்பு அந்த நேரத்தில் எனக்குச் செய்த உபகாரம் அதுதான். எந்த அடுக்கு வழுக்கியிருக்கும், அதன்மேல் எவ்வளவு கனம் இருந்திருக்கும், அது எங்கே வந்து நிற்கும், அதற்கு அடியில் ஓர் ஆள் நின்றால் என்ன ஆகும், தண்ணீரோடு சேர்ந்தால் அது எப்படி மூக்கையும் வாயையும் அடைக்கும் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குத் தெரிந்தது. தெரியாதவர்களுக்கு நம்பிக்கை இருக்கும். அப்பாவுக்கு இருந்தது. அவர் வேலியில் நெற்றியை வைத்து "வந்துருவான், வந்துருவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது இல்லை. நான் உன்னை அந்தச் சில நிமிடங்களில் இழந்துவிட்டேன். உன்னைக் குளிப்பாட்டுவதுவரை யோசித்துவிட்டேன். காதிலிருந்து அந்தக் களிமண்ணை எப்படி எடுப்பது என்று யோசித்தேன்.

பிறகு படிக்கட்டுக் கோபுரத்தின் உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு மொத்தை தெரிந்தது. அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று நீ. இன்னொன்று உன் தோளில் தொங்கிய வீரமணி. ஆட்கள் ஓடிப்போய் அவனை வாங்கிக்கொண்டார்கள். நீ தரையில் உட்கார்ந்து இருமினாய். தலையைத் தூக்கியபோது வேலிக்கு வெளியே என்னைப் பார்த்தாய். எழுந்து வந்தாய். கண்ணும் பல்லும் மட்டும்தான் உன்னுடையவை, மற்றதெல்லாம் களிமண். "மா, நீங்க ஏன் இங்க வந்தீங்க?" என்றாய். கோபமாகத்தான் கேட்டாய். நான் வேலிக்குள் விரலை விட்டு உன் கன்னத்துச் சேற்றைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நீ நினைத்திருப்பாய் நான் உன்னைத் தடவுகிறேன் என்று. இல்லை. என் விரல் பழக்கத்தில் அது என்ன மண் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பைத்தியமாக இருந்தேன்.

வீரமணியைப் பார்க்க மருத்துவமனைக்கு நானும் அப்பாவும் போனோம் என்பது உனக்குத் தெரியும். அங்கே பேசியது தெரியாது. அறந்தாங்கிப் பக்கத்துப் பிள்ளை. கால் எலும்பு முறிந்து, தொங்கவிட்ட காலோடு படுத்திருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பா ரசம் சாதத்தை எடுத்து வைத்து, "சாப்பிடுப்பா" என்றதும் அழுதுவிட்டான். "அம்மா, பம்பு முங்கிரும்னு பயந்துட்டேங்க. அது என் பொறுப்பு. போச்சுன்னா என்னயத்தானே கேப்பாங்க. சார் மேலேருந்து கத்துனாரு, விட்டுட்டு வா, விட்டுட்டு வான்னு. ஓஸ் பைப்பு காலுல சுத்திக்கிருச்சு. மேலேருந்து பொடிக் கல்லா விழுந்துச்சு. சார் எறங்கி வந்து கிட்ட சேரயிலேயே சுவரு சரிஞ்சு ஓரமா என் கால அமுக்கிருச்சு. என் பெல்ட்டப் புடிச்சு இழுத்துக்கிட்டே என்னயத் திட்டுனாரு பாருங்க, அந்த மாதிரி வார்த்தையெல்லாம் எங்க ஊர்லயே நான் கேட்டதில்லீங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தேன். "என் மகனை நான் அப்படி வளர்க்கலப்பா" என்றேன். "நல்லாத்தாங்க வளத்துருக்கீங்க" என்றான்.

சிரித்துக்கொண்டே அவனுடைய காலைப் பார்த்தேன். அப்போது என் மனதில் ஒன்று வந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் மற்றதெல்லாம் வெறும் வார்த்தை. ஒரு பம்புக்காகத் திரும்பிப் போனானே இவன், இவனை விட்டுவிட்டு நீ மேலேயே நின்றிருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அவன் நம் ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஊரில் பெண்டாட்டியும், நடக்கப் பழகுகிற ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தும் நினைத்தேன். நினைத்ததும் எனக்கு என்னைக் கண்டே பயம் வந்துவிட்டது. பிறகு எங்களை அழைத்துப்போக வந்தபோது மருத்துவமனை நடைகூடத்தில் நீ என்னிடம், "நீங்களா இருந்தா என்னாம்மா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாய். நான் தண்ணீர் குடிக்கப் போவது போலப் போய்விட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். தெரியாது. என் வேலை முழுக்கக் கொட்டகையில்தான். கல் என்னைத் தேடிப் பெட்டியில் வந்தது, நான் அதன் காலடியில் போய் நின்றதில்லை. நின்றிருந்தால் மேலேயிருந்து கத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். இறங்கியிருக்க மாட்டேன்.

அதனால்தான் இப்போது என் பயம் மாறிவிட்டது. டாக்சியில் வரும்போது, உனக்கு அந்தக் கல்லைத் தெரியாது என்று பயந்தேன். உனக்கு அது நன்றாகத் தெரியும், சொல்லப்போனால் என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தவன், அது வரப்போகிறது என்று ஆட்களை ஏற்றியவன், ஒருவனுக்காக அதன் அடியில் போய் நின்றாய். இதற்கு நான் என்ன சொல்லிப் பயத்தை ஆற்றிக்கொள்வது? கவனமாக இரு என்று சொல்லலாம், நீ கவனமாகத்தான் இருந்தாய். இனிமேல் அப்படிச் செய்யாதே என்று சொல்லலாம். சொல்லத்தான் நினைக்கிறேன், பேனா போகவில்லை. வீரமணியின் முகம் தெரிகிறது.

தாரிணியிடம் நீ இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. "சைட்ல சின்ன ஆக்சிடென்ட், ஒரு வொர்க்கருக்குக் கால் ஒடஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னாயாம். அவள் என்னிடம் அதையே சொல்லிவிட்டு, என் முகத்தில் எதையோ தேடினாள். நான் பேச்சை முகூர்த்தப் புடவைக்கு மாற்றிவிட்டேன். இனி ஒருமுறை என்னால் அப்படி மாற்ற முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் எல்லாவற்றையும் சொல், அந்தத் திட்டின வார்த்தைகளையும் சேர்த்து. அவள் பயப்படுவாள் என்கிறாய். பயப்படட்டும். தெரிந்து பயப்படுகிறவளுக்கு உன்மேல் கோபப்பட ஓர் உரிமை கிடைக்கும், உன் பக்கத்தில் உட்கார ஓர் இடம் கிடைக்கும். உன் அப்பா கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி வேலை பார்த்த காலத்தில், அங்கே என்ன ஆபத்து என்று எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் மனதுக்குள் கண்டபடி கற்பனை செய்துகொண்டு, அவர் வீடு திரும்பியதும் காரணமில்லாமல் சண்டை போடுவேன். எங்கள் முதல் வருடங்கள் அப்படித்தான் வீணாயின. நீயாவது அதைத் தவிர்த்துக்கொள்.

இன்று மத்தியானம் மறுபடி மருத்துவமனைக்குத் தனியாகப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. வீரமணி ஃபோனில் பெண்டாட்டியோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். "சாரோட அம்மா வந்துருக்காங்க" என்று ஃபோனை என் பக்கம் திருப்பினான். ஒரு சின்னப் பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கும்பிட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, நான் என்ன நினைத்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் போல இருந்தது. அவள், "உங்க மகனுக்குப் பயமே இல்லையாங்கம்மா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் வீரமணி குறுக்கே சொன்னான். "யாரு சொன்னா? சாருக்குப் பயம்தான் புள்ள. என் பெல்ட்டப் புடிச்சப்ப அவரு கையி அப்புடி நடுங்குச்சு. நடுங்கிக்கிட்டேதான் இழுத்தாரு."

நான் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, வந்த பேருந்துகளை எல்லாம் விட்டுவிட்டேன். கதிர், எனக்கு இத்தனை நாளில் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான். நீ தைரியசாலி என்று எல்லாரும் சொன்னபோதெல்லாம் எனக்குப் பயம்தான் கூடியது. பயம் இல்லாத பிள்ளையை அந்தக் கல்லுக்கு அருகில் அனுப்ப என்னால் முடியாது. உன் கை நடுங்கியது என்று கேட்டதும்தான் உன்னை அனுப்பலாம் என்று தோன்றியது. அந்த நடுக்கத்தை யாரும் கேலி செய்து உன்னிடமிருந்து எடுத்துவிடாமல் பார்த்துக்கொள். வெயில் அடிக்கிறது, நாள் தள்ளிப்போகிறது, மேலிடம் அவசரப்படுத்துகிறது என்று யார் சொன்னாலும், உனக்குள் ஏதோ ஒன்று வேண்டாம் என்றால் வெட்கப்படாமல் வேலையை நிறுத்து. மதில் விழாமல் நின்றுவிட்டால் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் சிரிக்க முடியும்.

திங்கட்கிழமை போ. நான் தடுக்க மாட்டேன், வாசலுக்கும் வந்து நிற்க மாட்டேன். அப்பாவிடமும் சத்தியம் செய்திருக்கிறேன். எனக்கு ஒன்றே ஒன்று செய்து கொடு. வேலை முடிந்து படியேறி வந்து, பையிலிருந்து ஃபோனை எடுத்ததும், தாரிணிக்கும் எனக்கும் இரண்டு வார்த்தை அனுப்பு. நலமா, சாப்பாடு என்ன என்றெல்லாம் வேண்டாம்.

"மேல வந்துட்டேன்." அது போதும்.

அம்மா